பட்டறை மச்சுத் தரைக்கு எந்தப் பூச்சு?

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் மச்சில், தேக்குப் பலகை பாவிய தரையில், வீணைப் பட்டறை நடத்துகிறோம். தரை வெளுத்துச் சிராய் கிளம்புகிறது. பெயின்ட் கடைக்காரர் பி.யு. பூச்சே உறுதியானது என்கிறார். எங்களிடம் உள்ள மூத்த ஆசாரியோ எண்ணெய் போதும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், தஞ்சாவூர்.

பதில்: நான் ஆசாரியின் பக்கம், ஆனால் வெறும் எண்ணெய் போதும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் கடினமானது, தண்ணீரையும் தாங்கும். வீட்டுக் கூடத்துக்கு என்றால் நானே அதைச் சொல்லியிருப்பேன். ஆனால் அது மரத்துக்குள் இறங்காமல், மரத்தின் மேல் ஒரு படலமாக நிற்பது. பலாக்கட்டையைக் குடைந்து வீணையின் குடம் எடுக்கும் இடத்தில் உளி கைதவறி விழும், கட்டை உருளும். படலத்தில் விழுந்த வடு ஒன்றின் வழியே ஈரம் புகுந்துவிட்டால், பூச்சு ஓரத்திலிருந்து வெளுத்து உரியத் தொடங்கும். அந்த இடத்தில் மட்டும் மறுபடி அடித்தால் ஒட்டுப் போட்டது தனியே தெரியும். சரியாகச் செய்வதென்றால் பட்டறையைக் காலி செய்து தரை முழுவதையும் தேய்த்தாக வேண்டும். போதாக்குறைக்கு, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பலகை அகலவாக்கில் உப்புவதும் கோடையில் சுருங்குவதும் டெல்டாவில் ஆண்டுதோறும் நடப்பது என்பதால், இரு பலகைகளின் இடுக்கைக் கடந்து நிற்கும் படலம் அங்கேதான் முதலில் கிழியும். அந்த இடுக்குகளை மக்கு வைத்து அடைப்பதும் இதே காரணத்தால் வீண் வேலை.

வீணைக்குப் போடும் அரக்குப் பாலிஷையே தரைக்கும் போடலாமா என்று நினைப்பீர்கள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, மறுபடி ஸ்பிரிட் சிந்தினால் இளகிவிடும். உங்கள் பட்டறையில் அது சிந்தாத வாரம் இருக்காது. சிலர் பழைய என்ஜின் ஆயிலைப் பூசுகிறார்கள். அது உலர்வதே இல்லை. தரையில் உட்கார்ந்து, காலால் கட்டையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவர்கள் இருக்கும் இடத்தில் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது, கடைகளில் டபுள் பாயில்டு என்று கேட்டு வாங்கும் ஆளிவிதை எண்ணெய், எண்ணெய் சார்ந்த வார்னிஷ், டர்பென்டைன் ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்த கலவை. எண்ணெய் மரத்துக்குள் இறங்குகிறது. வார்னிஷ் அதற்குக் கொஞ்சம் உறுதியைத் தருகிறது. டர்பென்டைன் இரண்டையும் உள்ளே கொண்டுபோய்விட்டு ஆவியாகிறது. வெறும் எண்ணெய் நம் மழைக்காலத்தில் பிசுபிசுப்பதோடு பூஞ்சணத்துக்கும் இடம் கொடுக்கும் என்பதால்தான் ஆசாரியோடு முழுமையாக உடன்படவில்லை.

பூசும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேளம் கட்டும்போது, அதாவது வீணையின் மெட்டுகளை மெழுகில் பதிக்கும்போது, சிந்திய மெழுகு, கறுப்புப் பொட்டுகளாகப் பலகையில் ஒட்டியிருக்கும். மெழுகின் மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது. அதைத் தேய்க்கத் தொடங்கினால் சூட்டில் இளகி உப்புத்தாளை அடைப்பதோடு, பலகை முழுவதும் பரவிவிடும். ஆகவே முதலில் மழுங்கிய தகட்டால் சுரண்டி, டர்பென்டைன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அதன் பின்னரே 80, அடுத்து 120 எண் உப்புத்தாளால் மரத்தின் ரேகையோடு தேய்க்க வேண்டும். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் எண்ணெய் இறங்குவது குறையும், காலும் வழுக்கும்.

கலவையைத் தாராளமாகப் பூசி, அரை மணி நேரத்துக்குள் மேலே நிற்கும் மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்ட இடம்தான் பிசினாக நின்று மரத்தூளைப் பிடிக்கும். நன்றாக உலர்ந்ததும் இரண்டாவது பூச்சு, தேவையானால் மூன்றாவது. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், பங்குனி முதல் வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். பிறகு தேய்ந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து, ஒரு துணியால் மறுபடி பூசினால் போதும்; இந்தக் கலவையை நான் விரும்புவதற்கு முதற்காரணம் இதுவே.

துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கிறது. குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். பலாத்தூளும் சீவலும் கிடக்கும் பட்டறையில் இது விளையாட்டல்ல. துணிகளை வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

கேள்வி: எங்கள் தச்சுப் பட்டறையின் பலகைத் தரையில் ஊசித்துளைகளும், அவற்றின் அருகே மாவு போன்ற தூளும் காணப்படுகின்றன. வார்னிஷ் அடித்தால் நின்றுவிடுமா?
– வாசகர், மயிலாடுதுறை.

பதில்: நிற்காது. மரத்தை உளுக்கவைக்கும் வண்டின் புழுக்கள் உள்ளே தின்றுகொண்டிருக்கின்றன. வளர்ந்த வண்டு பூச்சைத் துளைத்துக்கொண்டும் வெளியே வரும். வார்னிஷ் செய்வதெல்லாம், மரத்தின் நுண்துளைகளை மூடிப் புதிதாக முட்டையிட இடம் தராமல் இருப்பதுதான். ஆகவே வரிசை முக்கியம்: பழைய பூச்சு இருந்தால் தேய்த்தெடுத்து, வெறும் மரத்தில் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரை ஊறும்படி பூசி, முழுவதும் காய்ந்த பிறகே மேற்பூச்சு. மாவுபோல் நொறுங்கும் பலகையை, குறிப்பாக வெளிறிய வெண்மரப் பகுதி மிகுந்த பலகையை, மருந்தடித்துக் காப்பாற்ற முயலாமல் மாற்றிவிடுங்கள்.