உப்பேரிக்குள் நின்ற மண்டபம்

கேள்வி: அமெரிக்காவில் உப்பு ஏரிக்குள்ளேயே கால் ஊன்றி நின்ற பெரிய கேளிக்கை மண்டபம் ஒன்றின் பழைய படம் பார்த்தேன். அதற்கு என்ன நடந்தது? நம்முடைய இரணைமடுக் குளத்திலும் அப்படி ஒன்று கட்டினால் என்ன?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: யூட்டா மாநிலத்து சால்ட்டேர் மண்டபத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். மோர்மன் திருச்சபையும் ஒரு ரயில் கம்பனியும் சேர்ந்து 1893இல் திறந்தது. குடும்பமாக ரயிலில் வந்து குளித்து, ஆடிப்பாடி, இரவு வீடு திரும்ப ஓர் இடம் வேண்டும், அது சபையின் கண்பார்வையிலும் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஏரித் தரையில் 2,000க்கும் மேற்பட்ட மரக்கால்களை அறைந்து, மேலே அரபு நாட்டு அரண்மனை போலக் குவிமாடங்கள் வைத்து எழுப்பினார்கள். அழகென்றால் அப்படி ஓர் அழகு.

1925இல் எரிந்தது. திரும்பக் கட்டினார்கள், 1931இல் மறுபடி தீ. ஆனால் என்னைக் கேட்டால் அதைச் சாகடித்தது நெருப்பு இல்லை, தண்ணீர்தான். அந்த ஏரியிலிருந்து ஓர் ஆறும் வெளியே போவதில்லை, வருகிற தண்ணீரெல்லாம் வெயிலில் ஆவியாகித்தான் போக வேண்டும், ஆழமும் குறைவு என்பதால் மட்டம் கொஞ்சம் இறங்கினாலே கரை வெகுதூரம் விலகிவிடும். 1933இல் அதுதான் நடந்தது. மண்டபம் வெறுந்தரையில் நிற்க, குளிக்க வந்தவர்களைத் தண்ணீர் வரைக்கும் கொண்டுபோக ஒரு குட்டி ரயில் விட்டார்கள்! உலகப் போரின்போது மூடி, பிறகு திறந்து, 1958இல் மொத்தமாக மூடினார்கள். 1970இல் யாரோ வைத்த தீயில் மிச்சமும் போனது. 1981இல் சற்றுத் தள்ளிப் புதிதாகக் கட்டினால், இந்த முறை ஏரி பெருகி உள்ளேயே வந்துவிட்டது. இப்போது அங்கே இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

சரி, இரணைமடு. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு முடிந்த ஆவணியில் ஒருமுறை குளக்கட்டில் நின்று பாருங்கள், மாரியில் வான்கதவு திறந்தபின் இன்னொருமுறை பாருங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் அலைகரை குளத்துக்குச் சொந்தம். அதில் தூண் நட நான் ஒப்பமாட்டேன். கட்டுக்கு இப்பால், வயல்காரருக்கு இடைஞ்சல் இல்லாமல், நிழலும் இருக்கையும் பிள்ளைகள் விளையாட இடமும் வரட்டும். அதற்கு என் இரண்டு கையும் உயரும்.

கேள்வி: அந்த உப்பேரியில் ஆள் தாழவே மாட்டாராமே?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: கடலைவிடப் பல மடங்கு உப்பு என்பதால் உடம்பு தானாக மிதக்கும், உண்மைதான். அதற்காக ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம், ஒரு வாய் தண்ணீர் புரையேறினால் மூச்சு முட்டிவிடும். கரையேறிக் காய்ந்ததும் தோலெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும், சின்னக் கீறல் இருந்தாலும் எரியும். ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், அந்த எரிவு எப்படியென்று சொல்வார்கள்.