எகிப்துக்குக் கிளம்பியவர்கள் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போன கதை: நான்காம் சிலுவைப்போர் கேள்வி பதில்

கேள்வி: சார், முஸ்லிம்களோடு போரிடக் கிளம்பிய சிலுவைப்போர் படை கான்ஸ்டாண்டிநோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லைச் சூறையாடியது எப்படி? அதுவும் கிறிஸ்தவ நகரம்தானே?

கடன்தான் காரணம். 1187-ல் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுத்தீன் ஜெருசலேமைக் கைப்பற்றியிருந்தார். மூன்றாம் சிலுவைப்போரால் அதை மீட்க முடியவில்லை. 1198-ல் போப் மூன்றாம் இன்னொசென்ட் மறுபடி அழைப்பு விடுத்தார். முதலில் எகிப்தை அடிப்போம், ஜெருசலேம் தானாக வழிக்கு வரும் என்பது தலைவர்கள் போட்ட கணக்கு.

கப்பலுக்காக வெனிஸிடம் போனார்கள். 1201 ஒப்பந்தப்படி 33,500 பேர், 4,500 குதிரைகள். கூலி 85,000 வெள்ளி மார்க். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்ததோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான். தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்க வேண்டிய பணம், தலைகளே வராதபோது எங்கிருந்து வரும்? பிரபுக்கள் வெள்ளிப் பாத்திரங்களைக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியும் 34,000 மார்க் துண்டு விழுந்தது.

கேள்வி: அப்போ எல்லாம் வெனிஸின் சதி என்று சொல்வது சரிதானே?

பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வழக்கமான வியாபாரத்தை நிறுத்திவிட்டு ஓராண்டு இந்தக் கப்பல்களுக்காகவே உழைத்த ஊர் அது. பணம் வராவிட்டால் வெனிஸும் மூழ்கும். அதன் தலைவர் என்ரிக்கோ டாண்டோலோ கண் தெரியாத முதியவர், ஆனால் காரியத்தில் கெட்டி. கடனைத் தள்ளிப்போடுகிறேன், பதிலுக்கு ஸாராவைப் பிடித்துக் கொடுங்கள் என்றார். ஸாரா இன்றைய குரோஷியாவில் இருக்கிறது. அன்று அது ஹங்கேரி அரசரின் பாதுகாப்பில் இருந்தது. அந்த அரசரும் சிலுவைப்போருக்கு உறுதிமொழி எடுத்தவர்! 1202 நவம்பரில் ஸாரா விழுந்தது.

கேள்வி: போப் தடுக்கவில்லையா?

தடுத்தார், கேட்கவில்லை. மதவிலக்கம் செய்தார், அதாவது திருச்சபையிலிருந்தே விலக்கிவைத்தார். படைவீரர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது, வெனிஸ்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. பிரெஞ்சுப் பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட் போன்ற சிலர், கிறிஸ்தவ நகரத்தோடு போரிட மாட்டோம் என்று பிரிந்து போனார்கள்.

கேள்வி: சரி, அங்கிருந்து கான்ஸ்டாண்டிநோபிளுக்கு ஏன் போனார்கள்?

கான்ஸ்டாண்டிநோபிள்தான் பைசாண்டியம் என்ற கிழக்கு ரோமானியப் பேரரசின் தலைநகரம். பதவி இழந்த பைசாண்டியப் பேரரசர் இரண்டாம் ஐசக்கின் மகன் அலெக்ஸியோஸ் ஆசை காட்டினான். எங்களை மறுபடி அரியணையில் உட்கார வையுங்கள், 2,00,000 மார்க் தருகிறேன், 10,000 வீரர்கள் தருகிறேன், கிரேக்கத் திருச்சபையையும் ரோமுக்குக் கீழ்ப்படிய வைக்கிறேன் என்றான். கடனில் தத்தளிப்பவனிடம் இப்படிச் சொன்னால் விடுவானா? 1203-ல் அவனை அரியணையில் ஏற்றினார்கள். கஜானாவைத் துடைத்தெடுத்தும் சொன்ன தொகையை அவனால் முழுதாகக் கட்ட முடியவில்லை. அந்நியர்களைக் கூட்டிவந்தவன் என்று ஊரும் வெறுத்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சொந்த அரண்மனையிலேயே கொல்லப்பட்டான். பணம் தருவதாகச் சொன்னவனே போய்விட்டான். 1204 ஏப்ரலில் படை மதிலேறி உள்ளே நுழைந்தது. மூன்று நாள் கொள்ளை. நகரின் பெரிய தேவாலயமான ஹகியா சோபியாவையும் விடவில்லை.

கேள்வி: வெனிஸ் சான் மார்க்கோ தேவாலய முகப்பில் வெண்கலக் குதிரைகள் பார்த்தேன். அந்தக் கொள்ளையில் வந்தவையா?

ஆமாம். ஆனால் முகப்பில் நிற்பவை நகல்கள். அசல் நான்கும் உள்ளே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நடுவில் நெப்போலியன் அவற்றைப் பாரிஸுக்குத் தூக்கிப்போனார். 1815-ல் திரும்பி வந்தன, கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அல்ல, வெனிஸுக்கு.

கேள்வி: பைசாண்டியம் அதோடு முடிந்ததா அண்ணா?

இல்லை தம்பி. ஃபிளாண்டர்ஸ் பிரபு பால்ட்வின் பேரரசராக முடிசூடினார். பேரரசில் எட்டில் மூன்று பங்கு வெனிஸுக்கு. இன்றைய துருக்கியிலுள்ள நைசியாவில் ஆட்சியமைத்த கிரேக்கர்கள் 1261-ல் தலைநகரை மீட்டார்கள். பழைய பலம் மட்டும் திரும்பவில்லை. 1453-ல் ஒட்டோமான்கள் வந்தபோது, நகரம் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது.

கேள்வி: கடைசியில் எகிப்துக்கு?

இந்தப் படை போகவே இல்லை. வெனிஸுக்கு வராமல் வேறு துறைமுகங்களிலிருந்து கிளம்பிய சிலர் மட்டும் சிரியா கரையை எட்டினார்கள்.