ஒற்றைப் பாதையில் ஓடும் நாள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: மதுரைக் கோட்டத்தில் ரயில்வே செக்‌ஷன் கண்ட்ரோலராக (எந்த வண்டி எப்போது போகலாம் என்று முடிவு செய்பவர்) இருந்து ஓய்வுபெற்றவர்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 32. இரண்டு பிள்ளைகள், மாமியார், கணவரின் டிபன் கடைக்கு மாவு அரைக்கும் வேலை. இதற்கிடையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். காலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை அரை மணிக்கு ஒன்றாக அட்டவணை எழுதி பீரோவில் ஒட்டினேன். மூன்றாம் நாளே கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு ஒழுங்கே வராதா?
– வாசகி ஒருவர், கோவில்பட்டி

பதில்: அம்மா, கிழித்ததற்கு வருத்தப்படாதீர்கள். நகலைப் பார்த்தேன். 36 கட்டம், ஒன்றுகூடக் காலி இல்லை.

இப்படி ஒரு டைம்டேபிளை ரயில்வேயில் யாரும் போடமாட்டார்கள். எக்ஸ்பிரஸ் வண்டிகளில் கவனித்திருப்பீர்கள். ஊர் வந்து சேருகிற கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் தாராளமாக நேரம் கொடுத்திருக்கும். வழியில் தண்டவாள வேலை நடக்கலாம், எதிர்வண்டி பிந்தலாம். அதற்கென்று சில நிமிடங்களை முதலிலேயே சேர்த்துத்தான் நேரம் குறிக்கிறார்கள். ரிக்கவரி டைம் என்று அதற்குப் பெயரே உண்டு. இத்தனை பேர் கூடி ஓட்டுகிற ரயிலுக்கே அந்த இடம் வேண்டியிருக்கிறது. தனியாளாக ஒரு வீட்டை ஓட்டுகிற நீங்கள் 36 கட்டத்தையும் நிரப்பினால், மாமியாருக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தாலே எல்லாம் சரிந்துவிடும்.

கண்ட்ரோல் ஆபீஸில் எங்களுக்கு ‘சார்ட்’ என்று ஒன்று உண்டு. இப்போது கம்ப்யூட்டர் வரைகிறது. என் காலத்தில் பென்சிலும் ஸ்கேலும். குறுக்கே நேரம், மேலிருந்து கீழே ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. வேகமான வண்டியின் கோடு நிமிர்ந்து நிற்கும், கூட்ஸ் வண்டியின் கோடு படுத்துவிடும். மானாமதுரை–ராமேஸ்வரம் ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு கோடுகள் வெட்டுகிற இடம், பரமக்குடி மாதிரி, கிராசிங் வசதியுள்ள ஸ்டேஷனாக இருக்க வேண்டும். ஒரு வண்டி லூப் லைனில் ஒதுங்கும், மற்றது கடந்துபோகும். நடுவழியில் வெட்டினால் அந்தத் திட்டம் செல்லாது.

உங்கள் நாளும் ஒற்றைப் பாதைதான். காலை 6.30க்கு ‘இலக்கணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளைக் கிளப்புவதும் அதே நேரம், கடைக்கு மாவு போவதும் அதே நேரம். மூன்று கோடும் நடுவழியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

சார்ட்டில் இன்னொரு வேலையும் செய்வோம். ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் சொல்லச் சொல்ல, வண்டி உண்மையில் எப்போது வந்தது, எப்போது புறப்பட்டது என்று குறிப்போம். நீங்கள் அதிலிருந்து தொடங்குங்கள். ஒரு வாரத்துக்குத் திட்டமே வேண்டாம். நடந்ததை மட்டும் குறியுங்கள்.

1988-ல் என் மனைவி டைப்ரைட்டிங் ஹையர் படிக்க ஆசைப்பட்டார். வீட்டில் மூன்று பிள்ளைகள். எனக்கோ மாறிமாறி வரும் ஷிஃப்ட். நேரமே இல்லை என்றார். பழைய சார்ட் தாளின் பின்பக்கத்தில் ஆறு நாள் குறித்தோம். அதில் ஐந்து நாள், பகல் 2.10 முதல் 3.20 வரை அவரை யாரும் தேடவில்லை. அந்த நேரத்தில் அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளினோம். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத, பக்கத்தில் உட்கார்ந்து புடைத்தார். இன்ஸ்டிடியூட்டில் 2.15 வகுப்பைக் கேட்டு வாங்கினோம். மீதி ஒரு நாள் குழாயில் தண்ணீர் வந்த நாள். தண்ணீர் நாளில் வகுப்பு கிடையாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். அடுத்த ஆண்டு பாஸ் செய்தார். அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அப்படி ஒரு நேரம் உங்களுக்கும் அகப்படும். அதைத் தமிழுக்கே கொடுங்கள். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பாதையைப் பராமரிக்க ‘லைன் பிளாக்’ கொடுத்தால் அந்த நேரத்தில் எந்த வண்டியையும் உள்ளே விடமாட்டோம். எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் பிளாக் எடுக்க வேண்டும்; சொன்ன நேரத்தில் லைனைத் திருப்பித் தரவும் வேண்டும். பாடம் பாதியில் நின்றாலும் நேரமானதும் புத்தகத்தை மூடிவிடுங்கள். அப்போதுதான் நாளைக்கும் உங்களை நம்பி விடுவார்கள்.

இன்னொன்று. இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். சார்ட்டில் எல்லா கிராசிங்கிலும் ஒரே வண்டி லூப்பில் நிற்கிறது என்றால், கண்ட்ரோல் சரியில்லை என்று அர்த்தம்.

கேள்வி: அதிகாலை 4 மணிக்கு எழுந்தால்தான் முன்னேற முடியும் என்கிறார்களே, உண்மையா?
– கல்லூரி மாணவர், தேனி

பதில்: எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லையே தம்பி. இரவு 9 மணிக்குப் படுக்கிறவர் 4 மணிக்கு எழட்டும். 12 மணிக்குப் படுக்கிறவர் வேண்டாம். நான் நள்ளிரவு முதல் காலை 6 வரை உட்கார்ந்து வேலை பார்த்தவன். தூங்காத கண்ணுக்கு 3 மணிக்கு மேல் தாளில் இருப்பது 6 என்ற எண்ணா, 9 என்ற எண்ணா என்று வித்தியாசம் தெரியாது. எங்கள் வேலையில் ஷிஃப்ட்டை ஆறு மணி நேரத்தோடு நிறுத்தியிருந்தார்கள். அதற்கு மேல் அந்தக் கவனம் தாங்காது.

கேள்வி: அச்சகம் வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் (புது ஆண்டுக் காலண்டர் மாதிரிகளின் தொகுப்பு) வெளியானதிலிருந்து போன் ஓய்வதில்லை. ஒவ்வொரு போனுக்கும் எழுந்து ஓடுகிறேன். மாலையில் என்ன செய்தோம் என்றே தெரியவில்லை.
– வாசகர், சிவகாசி

பதில்: அண்ணாச்சி, எங்களுக்கும் போன் ஓயாது, ஆனால் நாற்காலியை விட்டு எழ மாட்டோம். கேட்போம், எழுதுவோம், அடுத்ததை எடுப்போம். போன் பக்கத்தில் ஒரு பெரிய நோட்டு வையுங்கள். நேரம், ஆள், கேட்டது, எப்போது வேண்டும். ‘மனசுல வச்சுக்கிறேன்’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள். காலை 11-க்கும் மாலை 4-க்கும் மட்டும் எழுந்துபோய், எழுதியதை மிஷின்காரரிடமும் பைண்டிங்கிலும் சொல்லுங்கள்.

ஷிஃப்ட் முடிந்தால் அடுத்து வருகிறவரிடம் ‘சார்ஜ்’ கொடுக்காமல் கிளம்பமாட்டோம். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது பாக்கி என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்போம். கடை அடைக்கும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து, நாளைக் காலை வரப்போகிற உங்களுக்கே சார்ஜ் எழுதிவையுங்கள். ‘இரண்டாவது ஃபாரம் பாதி ஓடியிருக்கிறது. பேப்பர் லோடு 10 மணிக்கு. மதுரைப் பார்ட்டிக்குப் புரூஃப் போகவில்லை.’ இந்த அளவு போதும்.