பாதை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம்?

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 57. ஞாயிறுதோறும் தோழிகளோடு இங்கே சிங்கப்பூரில் மெக்ரிட்சி, புக்கிட் தீமா காட்டுப் பக்கம் நடக்கிறேன். போன மாதம் மெக்ரிட்சியில் பாதை பிரியும் இடத்தில் தவறாகத் திரும்பிவிட்டோம். கைப்பேசியில் 8 விழுக்காடுதான் சார்ஜ். அடுத்து மலேசியாவின் ஜொகூரில் குனோங் லேடாங் மலை ஏறத் திட்டம். கையில் பிடிக்கும் ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா என்றால், “போன் இருக்கே, எதுக்கும்மா?” என்கிறான் மகன்.
– ஈசூன் வாசகி

பதில்: மகன் சொல்வதில் பாதி சரி, சகோதரி. மெக்ரிட்சியை முழுதாகச் சுற்றினாலும் 11 கிலோமீட்டர் சொச்சம். ஒரு பவர் பேங்க், முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடம், இவை இருந்தால் போனே போதும். லைன் போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. டேட்டா வரைபடத்தை இறக்கத்தான் வேண்டும்.

லேடாங் கதை வேறு. உயரம் 1,276 மீட்டர். ஏறி இறங்க ஒரு பகல் போய்விடும், உடம்பெல்லாம் வியர்வை. ஈர விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது. ஒருமுறை டெய்ரி ஃபார்ம் பக்கம் மழையில் மாட்டிக்கொண்டேன். தொடுதிரைக் கருவி ஒன்று வைத்திருந்தேன். மழைத்துளி பட்டுப் பட்டு வரைபடம் தானாகவே பெரிதாகி, நகர்ந்து, கடைசியில் கடலில் போய் நின்றது! அன்றிலிருந்து நான் பொத்தான் கட்சி.

பேட்டரியும் முக்கியம். டபுள் ஏ பேட்டரி போடுகிற கருவியாக வாங்குங்கள். தீர்ந்தால் பையிலிருந்து இரண்டை எடுத்து மாற்றிவிடலாம், புளோக்குக்குக் கீழே மாமாக் கடையிலும் கிடைக்கும். கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டுமே இந்த ரகம், பொத்தானும் உண்டு. இரண்டு பேட்டரியில் 25 மணி நேரம் வரை ஓடும் என்கிறது நிறுவனம்.

இரண்டில் எது? உங்களுக்கு 32எக்ஸ். காரணம், உங்கள் சிக்கலே பிரியும் பாதைதான். 22எக்ஸில் காம்பஸ் கிடையாது. நடக்கும்போதுதான் அதற்குத் திசை தெரியும். எந்தப் பக்கம் என்று நீங்கள் நின்று யோசிக்கும் நேரத்தில் அம்பு மனம் போனபடி சுற்றும். 32எக்ஸில் காம்பஸ் உண்டு, நின்றாலும் திசை காட்டும். அதிலுள்ள காற்றழுத்த உயரமானி லேடாங்கில் உதவும். புக்கிட் தீமாவின் 163 மீட்டருக்கு அது எதற்கு? திரை 2.2 அங்குலம்தான், வெள்ளெழுத்துக் கண்ணாடியை மறக்காதீர்கள். வெயிலில் போனைவிடத் தெளிவாகத் தெரியும்.

அம்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது நேர்கோட்டைத்தான் காட்டும். “இன்னும் 600 மீட்டர்” என்றது எனக்கு ஒரு நாள். நிமிர்ந்து பார்த்தால் நடுவே நீர்த்தேக்கம்! கிளம்பும்போதே தடம் பதிவதை உறுதிசெய்து கொள்ளுங்கள். வழி தவறினால் வந்த தடத்திலேயே திரும்பலாம். அடர்ந்த மரத்தடியில் பத்துப் பதினைந்து மீட்டர் பிசகும், பதற வேண்டாம். கருவியைக் கால்சட்டைப் பையில் போட்டால் உங்கள் உடம்பே சிக்னலை மறைக்கும். பையின் தோள்பட்டியில் மாட்டுங்கள்.

அப்புறம், லேடாங்கில் கூட வரும் வழிகாட்டியை விட்டு விலகாதீர்கள். தேசிய சேவையில் (கட்டாய ராணுவச் சேவை) தாள் வரைபடமும் காம்பஸுமாக லிம் சூ காங் காட்டில் சுற்றியவன் சொல்கிறேன், கருவிக்குச் சகதி தெரியாது.

வாங்கியதும் ஈசூன் குளத்தை இரண்டு முறை சுற்றிப் பழகுங்கள். ரீசார்ஜ் பேட்டரி போட்டால், செட்டிங்கில் பேட்டரி வகையையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மீதி சார்ஜைத் தப்பாகக் காட்டும்.