பெரிய பெயரா, சின்னக் கம்பெனியா? பல் இம்ப்ளான்ட் வேலை பற்றி ஓர் அப்பாவுக்கு

வணக்கம் அண்ணே,

மகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்திருக்கிறது, வீட்டில் சந்தோஷத்துக்குப் பதில் சண்டை நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயோமெடிக்கல் படித்துவிட்டு எந்த வேலையும் அமையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் வருகிறார்கள். அதனால் முதலில் அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள், சண்டை அப்புறம்.

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். ஒன்று, வெளிநாட்டு இம்ப்ளான்ட் பிராண்டில், அதாவது செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் பதிக்கும் திருகை விற்கிற கம்பெனியில், விற்பனை வேலை. மாதம் 28,000, மேலே இன்சென்டிவ். இன்னொன்று, சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் இம்ப்ளான்ட் தயாரிக்கும் உள்ளூர்க் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு ட்ரெய்னி. மாதம் 17,000. நீங்கள் முதலாவதைச் சொல்கிறீர்கள், அவள் இரண்டாவதைச் சொல்கிறாள். “உலகம் முழுக்க இருக்கிற கம்பெனியை விட்டுட்டு பேரே தெரியாத இடத்துக்குப் போறேங்கிறாளே” என்பது உங்கள் ஆதங்கம்.

எனக்கு அவள் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் அம்பத்தூர்க் கம்பெனியிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தத் தொழிலில் பெரிய பெயர் என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். ஸ்வீடனில் ப்ரோனெமார்க் என்ற மருத்துவர் 1952இல் முயல் எலும்பில் ஓர் ஆராய்ச்சி செய்தார். அதற்காக வைத்த டைட்டானியத்தை எலும்பு பிடித்துக்கொண்டது, திரும்ப எடுக்க வரவில்லை. அங்கே ஆரம்பித்து, 1965இல் முதல் நோயாளியின் தாடையில் வைத்தார். அந்த வழியில் வளர்ந்த கம்பெனிதான் நோபல் பயோகேர். இந்தத் துறையில் அதைவிடப் பழம்பெருமை உள்ள பெயர் கிடையாது. அதை 2014இல் அமெரிக்காவின் டானஹர் வாங்கியது. 2019இல் டானஹர் தன் பல் வியாபாரத்தை என்விஸ்டா என்று தனியாகப் பிரித்துவிட்டது. ஸிம்மர் பயோமெட் 2022இல் பல், முதுகெலும்புப் பிரிவுகளை ஸிம்வீ என்று கழற்றிவிட்டது. பல் மருத்துவப் பொருள் செய்யும் டென்ட்ஸ்ப்ளை 2011இல் இம்ப்ளான்ட் செய்யும் அஸ்ட்ரா டெக்கை வாங்கியது. 2016இல் சிரோனாவோடு சேர்ந்தது, அதே வருடம் இஸ்ரேலின் எம்ஐஎஸ் கம்பெனியையும் எடுத்துக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமன், விலை குறைந்த சரக்குக்காக பிரேசிலின் நியோடென்ட்டில் 2012இல் கிட்டத்தட்டப் பாதிப் பங்கும், 2015இல் முழுக் கம்பெனியும் வாங்கியது. பணக்கார கிளினிக்குக்கு ஒரு பிராண்ட், சாதாரண கிளினிக்குக்கு இன்னொரு பிராண்ட், கல்லா ஒன்றுதான்.

கொரியாவின் ஆஸ்டெம் கதை இன்னும் சுவாரசியம். 1997இல் ஆரம்பித்த கம்பெனி. இம்ப்ளான்ட் வைக்கத் தெரிந்த பல் மருத்துவர்கள் குறைவாக இருந்த காலத்தில், அவர்களே மையம் வைத்து மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எந்தக் கம்பெனியின் கருவிக் கிட்டில் கை பழகியதோ அதையேதான் மருத்துவர் வாங்குவார். ஐரோப்பியப் பெயர்களோடு அவர்கள் மோதி மேலே வந்தது இந்த வழியில்தான். அப்படிப்பட்ட கம்பெனியில் 2022 தொடக்கத்தில் நிதிப் பிரிவு ஊழியர் ஒருவர் 20,000 கோடி வோனுக்கு மேல் கையாடல் செய்தது வெளியே வந்தது. பங்கு வர்த்தகத்தையே சில மாதம் நிறுத்திவைத்தார்கள். அடுத்த வருடம் முதலீட்டு நிறுவனங்கள் கம்பெனியை வாங்கிப் பங்குச் சந்தையில் இருந்தே எடுத்துவிட்டன. கம்பெனி மூழ்கவில்லை, இன்றும் விற்கிறது. ஆனால் மேலே உட்கார்ந்திருக்கும் முதலாளி வேறு.

பெரம்பூர், வியாசர்பாடிக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பின்னி மில்லைவிடப் பெரிய பெயர் நம் பக்கத்தில் எது இருந்தது? 1996இல் மூடினார்கள்.

ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கினால், ஒரே ஊரில் இரண்டு விற்பனைக் குழு எதற்கு என்ற கேள்விதான் முதலில் வரும். தொழிற்சாலைப் பக்கம் அப்படி உடனே கை வைக்க முடியாது. எந்த இம்ப்ளான்ட் எந்த முறையில் செய்யப்பட்டது, எந்தச் சோதனையில் தேறியது என்ற கோப்பு இல்லாமல் வாங்கியவரால் ஒரு பீஸ்கூட விற்க முடியாது. அந்தக் கோப்பைத் தெரிந்தவர் அங்கே இருந்தாக வேண்டும்.

விலையையும் பாருங்கள். சீனாவில் அரசு மருத்துவமனைகளுக்குக் கூட்டுக் கொள்முதல் என்று மொத்தமாக ஏலம் வைத்தார்கள். 2023 ஜனவரியில் முடிவு வந்தபோது இம்ப்ளான்ட் விலை சராசரியாக 55 சதவீதம் விழுந்திருந்தது. நம் நாட்டில் இதய ஸ்டென்ட்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017இல் அரசு விலை உச்சவரம்பு வைத்தது நினைவிருக்கும். பல் இம்ப்ளான்ட்டுக்கும் அப்படி ஒன்று வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். வந்தால் முதல் அடி விற்பனைக்காரரின் இன்சென்டிவுக்குத்தான். தயாரிப்புப் பக்கம் லாபம் குறையும், ஆனால் செய்ய வேண்டிய எண்ணிக்கை கூடும்.

விற்பனை வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதில் நிறையக் கற்கலாம். ஒரு மருத்துவர் முதல் முறையாக உங்கள் பிராண்டை வைக்கிறார் என்றால், பக்கத்தில் நின்று எந்த டிரில்லுக்கு அப்புறம் எந்த டிரில், திருகை அளவோடு முறுக்கும் டார்க் ரென்ச்சை எந்த அளவில் வைப்பது என்று சொல்லிக் கொடுப்பதே விற்பனைப் பிரதிநிதிதான். வாயும் தைரியமும் உள்ளவர்கள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் அதன் இன்னொரு பாதியை இன்டர்வியூவில் சொல்ல மாட்டார்கள். இத்தனை இம்ப்ளான்ட் எடுத்தால் சர்ஜிக்கல் கிட் இலவசம் என்று இவர் சொல்வார், எதிர் பிராண்டுக்காரர் அதற்கு மேலே ஒன்று சொல்வார். சரக்கை வைத்துவிட்டு வந்தால் பணத்துக்கு மூன்று மாதம் அலைய வேண்டும். நிறைய இடங்களில் இன்சென்டிவ் கணக்கு விற்றதற்கு இல்லை, வசூலானதற்குத்தான்.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. “பொம்பளப் புள்ள பையைத் தூக்கிக்கிட்டு கிளினிக் கிளினிக்கா ஏறணுமா” என்று ஓர் இடத்தில் எழுதுகிறீர்கள். அடுத்த வரியிலேயே அந்த வேலைக்குத்தான் போகச் சொல்கிறீர்கள். இந்த வேலையைப் பிரமாதமாகச் செய்யும் பெண்கள் இருக்கிறார்கள், அதனால் பெண் என்பதை விட்டுவிடுங்கள். அவளுக்கு அதில் ஆசை இல்லை என்பது ஒன்றே போதுமான காரணம்.

இப்போது அம்பத்தூர் வேலை. முப்பது வருடம் லேத்தில் நின்ற உங்களுக்கு இது என்னைவிட நன்றாகப் புரியும். இம்ப்ளான்ட் என்பது சுமார் 3.5 முதல் 5 மில்லிமீட்டர் விட்டமும், 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளமும் உள்ள டைட்டானியம் திருகு. வெளியே மரை. உள்ளே மேல்பாகம் வந்து உட்கார ஒரு கூம்போ அறுகோணமோ, அதற்கும் கீழே இன்னொரு சின்ன மரை. ஸ்லைடிங் ஹெட் சிஎன்சியில், அதாவது கணினி ஓட்டும் லேத்தில், ராடு ஆடாமல் பிடிக்க கைடு புஷ் வைத்து ஓட்டுவார்கள். டைட்டானியம் சூட்டைச் சரியாகக் கடத்தாது, சூட்டில் பெரும்பகுதி டூல் முனையிலேயே நிற்கும். கூலன்ட் தவறினால் சீவல் தீப்பிடிக்கலாம். கடைந்து முடித்ததும் வேலை முடிவதில்லை. துகள் அடித்து, அமிலத்தில் அரித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும், எலும்பு பிடிப்பதற்காக. அப்புறம் கழுவி, தூசி வடிகட்டிய அறையில் பேக் செய்து, காமா கதிரில் ஸ்டெரிலைஸ் செய்ய வேண்டும்.

உங்கள் பட்டறையில் ஒரு பீஸ் ரிஜெக்ட் என்றால் ஸ்க்ராப் டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பீர்கள். இங்கே அந்த ஒரு பீஸ் எந்த ராடில் இருந்து வந்தது, எந்த மெஷின், எந்த ஷிப்ட், எந்த அளவு தப்பியது, அதே லாட்டில் மற்ற பீஸ்கள் இப்போது எங்கே என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடம் கழித்து யாரோ ஒருவருடைய தாடையில் அது உடைந்தால், பெட்டியில் ஒட்டிய லாட் நம்பரைப் பிடித்துப் பின்னாலேயே அந்த ராடு வரைக்கும் வர முடிய வேண்டும். உங்கள் மகள் கற்றுக்கொள்ளப்போவது அதைத்தான்.

அந்த வேலைக்கு ஐஎஸ்ஓ 13485 என்ற தர முறை அடிப்படை. ஸ்டென்ட், கதீட்டர், இடுப்பு மூட்டு என்று எது செய்கிற கம்பெனியிலும் இதுதான். மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏகூட 2026 பிப்ரவரியில் இருந்து தன் விதிகளை இதை ஒட்டி மாற்றிவிட்டது. நம் நாட்டிலும் 2017 மருத்துவக் கருவி விதிகள் வந்து, ஆபத்து அதிகம் என்று வைத்திருக்கும் சி, டி வகுப்புக் கருவிகள் எல்லாவற்றுக்கும் 2023 அக்டோபர் 1 முதல் லைசென்ஸ் கட்டாயமாகிவிட்டது. பல் இம்ப்ளான்ட் சி வகுப்பு. மருத்துவக் கருவிப் பூங்காவுக்கு மத்திய அரசு தேர்ந்தெடுத்த நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, இடம் ஒரகடம். ஆக, இரண்டு மூன்று வருடம் இதில் கை பழகிய பிள்ளைக்கு பல் கம்பெனி மட்டும்தான் கதி என்பது இல்லை.

சரி, எந்தச் சின்னக் கம்பெனியையும் கண்ணை மூடி நம்பச் சொல்ல மாட்டேன். வெளியில் இருந்து வாங்கி லேபிள் மட்டும் ஒட்டுகிறவர்களும் ‘மேனுஃபேக்சரர்’ என்று போர்டு வைப்பார்கள். அங்கே போனால் அவள் பெட்டி எண்ணத்தான் கற்பாள். ஆகவே மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு கொடுக்கும் எம்டி 9 உற்பத்தி லைசென்ஸ் அவர்கள் பெயரில் இருக்கிறதா என்று கேட்கட்டும். மெஷின் ஷாப்பையும் பேக்கிங் அறையையும் ஒரு தடவை காட்டச் சொல்லட்டும். நல்ல கம்பெனி பெருமையாகக் காட்டும். நீங்களும் கூடப் போங்கள், மெஷினைப் பார்த்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும். யாரிடம் வேலை கற்கப்போகிறாள் என்று அந்த ஆளின் அனுபவத்தையும் கேட்க வேண்டும். பாண்ட் போடச் சொன்னால் எத்தனை வருடம், உடைத்தால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம். பயிற்சிக் கட்டணம் என்று ஒரு ரூபாய் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம். 11,000 வித்தியாசம், சின்னவள் காலேஜ் ஃபீஸ் வேறு இருக்கிறது, வலிக்கும் என்று தெரியும். ஆனால் நீங்கள் அனுப்பிய ஆஃபரைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அந்த 28,000இல் 6,000 பயணப் படி. தமிழ்நாடு பாதி சுற்றுகிறவளுக்கு அது வழியிலேயே கரைந்துவிடும், கையில் மிஞ்சாது. உண்மையான வித்தியாசம் 5,000தான். அதையும் அம்பத்தூரில் பேசலாம். ஆறு மாதம் முடிந்து கன்ஃபர்ம் ஆனால் சம்பளம் எவ்வளவு என்று ஆஃபர் லெட்டரிலேயே போடச் சொல்லி அவளே கேட்கட்டும், நீங்கள் பேச வேண்டாம்.

போக்குவரத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்கலாம், எஸ்டேட் அங்கிருந்து பக்கம். நைட் ஷிப்ட் உண்டா, உண்டென்றால் வண்டி அனுப்புவார்களா என்பதை மட்டும் சேரும் முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

விற்பனைக் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். இப்போதே முடியாது என்று எழுதிவிட வேண்டாம். குடும்பத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன், திங்கள் வரை அவகாசம் வேண்டும் என்று இரண்டு வரி மெயில் போடட்டும், யாரும் கோபிக்க மாட்டார்கள். அதற்குள் அம்பத்தூர் லெட்டர் கையெழுத்தோடு கைக்கு வந்துவிட்டால் மற்றதற்கு நன்றி சொல்லி எழுதலாம். வரவில்லை என்றால், அல்லது ஷாப்பைக் காட்ட மாட்டோம் என்று மழுப்பினால், எனக்கு ஒரு ஃபோன் போடுங்கள். அப்போது விற்பனை வேலையையே எடுத்து ஒரு வருடம் பார்க்கலாம், அதிலும் தப்பில்லை.