13 எப்படி 50 ஆனது?

கேள்வி: 13 மாநிலங்களோடு பிறந்த அமெரிக்கா இன்று 50 மாநிலங்கள். ஆட்கள் குடியேறினார்கள், ஊர் பெருகியது, மாநிலம் ஆனது. இவ்வளவு நியாயமாக வேறெந்த நாடு வளர்ந்திருக்கிறது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: விதி நல்ல விதிதான், மறுக்கவில்லை. 1787-இல் ஒஹையோ ஆற்றுக்கு வடமேற்கே இருந்த நிலத்துக்கு ஒரு சட்டம் போட்டார்கள். அங்கே ஒரு பகுதியில் அடிமைகளாக இல்லாத குடிகள் 60,000 பேர் சேர்ந்துவிட்டால், பழைய மாநிலங்களுக்குச் சமமாக அதுவும் ஒரு மாநிலம். பின்னால் வந்த பிரதேசங்களுக்கும், அதாவது மாநிலம் ஆகாமல் மத்திய அரசின் கீழ் இருந்த பகுதிகளுக்கும், அதுவே முன்மாதிரி. புது நிலத்தைக் காலனியாகவே வைத்திருக்காமல் சரிசமமாகச் சேர்த்துக்கொள்வது அந்தக் காலத்தில் பெரிய காரியம்.

ஆனால் அந்த நிலம் யாருடையது? 1803-இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு பிரான்சிடம் லூசியானாவையும், 1867-இல் 72 லட்சம் டாலருக்கு ரஷ்யாவிடம் அலாஸ்காவையும் வாங்கினார்கள். அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடிகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விதியும் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. தங்கம் கிடைத்த கலிபோர்னியா, பிரதேசமாக இருக்காமலேயே 1850-இல் நேராக மாநிலம் ஆகிவிட்டது. அதே வருஷம் பிரதேசமான நியூ மெக்சிகோவோ 1912 வரை, 62 வருஷம் காத்துக் கிடந்தது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசும் கத்தோலிக்கர்கள். வாஷிங்டனில் பலருக்கு அது உறுத்தியது.

எனக்கு ஆறவே ஆறாதது ஒக்லஹோமா விஷயம். செரோக்கி உள்ளிட்ட ஐந்து பழங்குடி இனத்தாரை 1830-களில் தென்கிழக்கிலிருந்து விரட்டி, 'இனி இதுதான் உங்கள் நிலம்' என்று ஒதுக்கிய பகுதி அதன் கிழக்குப் பாதி. வழியிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். பிழைத்தவர்களின் வாரிசுகள் 1905-இல் மாநாடு கூட்டினார்கள், அரசியல் சட்டம் எழுதினார்கள், வாக்கெடுப்பும் நடத்தி ஜெயித்தார்கள். கேட்டது ஒரு மாநிலம். பெயர் செகோயா. செரோக்கி மொழிக்கு எழுத்து உருவாக்கித் தந்தவரின் பெயர் அது! நாடாளுமன்றம் ஏற்கவில்லை. 1907-இல் மேற்கே குடியேறிகளின் பிரதேசத்தோடு அதை இணைத்து ஒக்லஹோமா ஆக்கினார்கள். விதியில் சொன்னதையெல்லாம் செய்தவர்களுக்கு அதுதான் கிடைத்தது.

சரி, அதெல்லாம் பழைய கதை என்பீர்கள். போர்ட்டோ ரிக்கோ 1898 முதல் அமெரிக்காவின் வசம் இருக்கிறது. 1917-இல் குடியுரிமையும் வந்துவிட்டது. மாநிலம் மட்டும் ஆகவில்லை. அதனால் முப்பது லட்சம் பேருக்கு மேல் வாழும் அந்தத் தீவிலிருந்து இன்றும் அதிபர் தேர்தலில் ஒரு வாக்கு போட முடியாது.