கிறிஸ்தியான்சாண்டுக்கு வரும் தங்கச்சிக்கு: மகளை ஹாண்ட்போல் மண்டபத்துக்கு அனுப்புங்கள்

அன்புத் தங்கச்சி,

கணவருக்கு நோர்வேயின் கிறிஸ்தியான்சாண்டில் வேலை கிடைத்திருக்கிறது, ஓகஸ்டில் குடும்பமாக வருகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை, குளிர் உடுப்பு, அரிசிக் கடை, தமிழ்ப் பள்ளி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருக்கிறீர்கள். பத்து வயது மகளை ஹாண்ட்போலில், அதாவது கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டத்தில், சேர்த்துவிடச் சொல்லிக் கணவரின் வேலையிடத்தில் எல்லோரும் சொல்கிறார்களாம். ஆனால் அந்த ஊரின் பேர்பெற்ற பெண்கள் அணியே வங்குரோத்து ஆகிவிட்டதாமே, முழங்கால் உடைகிற விளையாட்டாமே, சேர்ப்பதா விடுவதா என்று கேட்கிறீர்கள்.

முதல் நான்குக்கும் பதில் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கம்பளி உள்ளுடுப்பு வாங்குங்கள், பருத்தி வேண்டாம். அரிசி தாராளமாகக் கிடைக்கும். வாடகை ஒப்பந்தத்தைக் கணவரின் அலுவலகத்தில் யாரிடமாவது காட்டிய பிறகு கையெழுத்திடுங்கள். அவ்வளவுதான். கடைசிக் கேள்விக்குத்தான் நான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சேருங்கள். வீட்டுத் திரைச்சீலை போடுவதற்கு முன்பே சேருங்கள்.

அந்த அணியைப் பற்றி உங்கள் காதில் விழுந்தது பாதிக் கதை. வைப்பர்ஸ் என்ற அந்தக் கழகம் 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு, ஐரோப்பாவின் சிறந்த கழகங்கள் மோதும் பெண்கள் சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வென்றது. மூன்று இறுதியாட்டங்களும் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் நடந்தன: முதலில் பிரான்ஸின் பிரெஸ்ட் அணியை 34-28, அடுத்த ஆண்டு ஹங்கேரியின் கியோர் அணியை 33-31, அதற்கடுத்து புடாபெஸ்டின் சொந்த அணியான ஃபெரன்ஸ்வாரோஷை 28-24. கியோர் எப்படிப்பட்ட அணி என்றால், ஔடி கார்த் தொழிற்சாலை இருக்கிற ஊரின் அணி, பெயரிலேயே ஔடியைச் சுமக்கிற அணி. அவர்களை அவர்களுடைய நாட்டிலேயே, அவர்களுடைய ஆதரவாளர்கள் நிறைந்த மண்டபத்தில் நம் ஊர்ப் பெண்கள் தோற்கடித்தார்கள். நம் ஊர் என்று நான் எழுதுவது கிறிஸ்தியான்சாண்டைத்தான். இதற்காக என்னோடு சண்டை பிடித்த தமிழர்கள் உண்டு. பிடிக்கட்டும்.

பிறகு பணம் கவிழ்த்தது. பெண்கள் ஹாண்ட்போலுக்குத் தொலைக்காட்சிப் பணம் குறைவு. மண்டபம் சிறியது, நுழைவுச்சீட்டில் வருவது கொஞ்சம். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், வாரம் விட்டு வாரம் ருமேனியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் பறக்க வேண்டும். இத்தனையையும் அனுசரணையாளர்களே தாங்கினார்கள். 2024-25 சம்பியன்ஸ் லீக் பருவம் செப்டம்பரில் தொடங்கியபோது பதினாறு அணிகளில் வைப்பர்ஸும் ஒன்று. எட்டு எட்டாக இரண்டு பிரிவு, ஒவ்வோர் அணிக்கும் பதினான்கு ஆட்டங்கள். இலையுதிர் காலத்தில் ஒருமுறை விழும் நிலைக்குப் போய்க் கடைசி நேரத்தில் பணம் திரட்டி நிமிர்ந்தார்கள். 2025 ஜனவரியில் முடியவில்லை. பருவத்தின் நடுவில் அணி விலகியது. அதுவரை ஆடிய ஆட்டங்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மூன்று முறை சம்பியனான அணியின் பெயர் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஆனால் அந்தப் பருவம் அங்கே முடியவில்லை, அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன். வைப்பர்ஸின் வலைகாப்பாளர் கத்ரீனே லுண்டே இந்த ஊரில் பிறந்தவர். 1980இல் பிறந்தவர் என்றால் கணக்குப் பாருங்கள், கழகம் விழுந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து நெருங்குகிறது. பெய்ஜிங், லண்டன், பாரிஸ் என்று மூன்று ஒலிம்பிக் தங்கம், ஏழு சம்பியன்ஸ் லீக் கிண்ணம். போதும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பையைக் கட்டிக்கொண்டு டென்மார்க்கின் ஓடென்ஸவுக்குப் போனார். ஜூன் முதலாம் திகதி புடாபெஸ்டில் ஓடென்ஸ அணி முதல் முறையாக இறுதியாட்டம் ஆடியது, எதிரே கியோர். 27-29 என்று தோற்றார்கள். அந்தக் கோல் வாசலில் கைகால்களை விரித்துக்கொண்டு அவர் நின்றதை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன்.

நம் ஆட்கள் கூடும் விழாக்களில் ஒரு பேச்சு அடிக்கடி வரும்: நாடு விட்டு நாடு போய்ப் பிழைப்பது என்றால் என்ன என்று இந்த வெள்ளைக்காரருக்கு என்ன தெரியும்? நான் அந்த இடத்திலேயே மறுப்பேன். லுண்டே டென்மார்க்கில் விபொர்க், ஹங்கேரியில் கியோர், ரஷ்யாவில் ரொஸ்தோவ் என்று பல ஆண்டு வெளியில் இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். நோர்வேயின் ஸ்தீனே ஒஃப்டெடால் பிரான்ஸுக்குப் போய், பிறகு ஏழு பருவம் கியோரில் ஆடினார். பிரேசிலில் பிறந்த புரூனா டி பவுலா பிரான்ஸில் கழகம் கழகமாக ஆடி, கியோருக்கு வந்து 2024, 2025 இரண்டு கிண்ணமும் வாங்கினார். ருமேனியாவின் கிறிஸ்தினா நெயாகு மொன்டெனேக்ரோவின் புதுச்னொஸ்ட் அணிக்குப் போய் 2015 கிண்ணத்தை வென்றார், 2024-25 பருவத்தோடு ஓய்வு பெற்றார். இவர்கள் எல்லோரும் தெரியாத மொழியில் வாடகை ஒப்பந்தம் படித்தவர்கள், தனியாகக் கிறிஸ்மஸ் கழித்தவர்கள். போர் துரத்தி வந்த நமக்கும் ஒப்பந்தத்தில் போன அவர்களுக்கும் வித்தியாசம் பெரியது, அதை மறக்கச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு சம்பியன்ஸ் லீக் பருவத்தைப் பாருங்கள், பாதிப் பேர் ஊர்விட்டு வந்தவர்கள்.

சரி, உங்கள் மகள் விஷயம். கடனில் விழுந்தது தொழில்முறை அணி. பிள்ளைகள் ஆடும் கழகங்களை நடத்துவது பெற்றோர்கள், அவை வேறு. அங்கே கோடிக்கணக்கான பணம் இல்லை. வாஃபிள் கரண்டியும் கழிவறைத் தாளும்தான் அங்கே முதல். விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இங்கே டுக்னாட் என்று ஒன்று உண்டு, நம் ஊர்ச் சிரமதானம் மாதிரி. அணிக்குப் பணம் வேண்டும் என்றால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கழிவறைத் தாள் மூட்டைகளைத் தருவார்கள், அக்கம்பக்கத்தில் விற்றுப் பணத்தைக் கொடுக்க வேண்டும். வார இறுதி ஆட்டங்களில் ஒரு மேசையில் வாஃபிள் சுட வேண்டும், கோப்பி ஊற்ற வேண்டும். இன்னொரு மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தையும் கோல் கணக்கையும் பார்க்க வேண்டும். வெளியூர் ஆட்டத்துக்கு நான்கு பிள்ளைகளைக் காரில் ஏற்றிப் போக வேண்டும். இதைக் கண்டதும் நம் ஆட்கள் பலர் செய்வது என்ன தெரியுமா? ஒரு தொகையைக் கட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். அல்லது மூட்டை முழுவதையும் தாங்களே வாங்கி நிலவறையில் அடுக்கி வைப்பார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட ஒரு காரணம் தேடிக்கொண்டே நம்மவர்கள் பத்து ஆண்டு தனிமையில் இருக்கிறார்கள், அந்தக் காரணத்தைக் கழகமே கையில் தருகிறது. என் தெருவில் எல்லோர் பெயரும் எனக்குத் தெரிந்தது கழிவறைத் தாள் விற்றுத்தான்.

நான் கடிகார மேசையில் உட்கார்ந்தேன். முப்பது நிமிடம், இடைவேளை, மறுபடி முப்பது நிமிடம் எல்லாம் பெரியவர்களுக்கு, சின்னப் பிள்ளைகளுக்குக் குறைவு. நடுவர் இரண்டு விரலைத் தூக்கினால் ஒருத்தி இரண்டு நிமிடம் வெளியே இருக்க வேண்டும். கண்ணும் கையும் சேர்ந்து ஓட வேண்டும், பக்கத்தில் எதிரணித் தாய் ஒருத்தி கோல் கணக்கை எழுதிக்கொண்டிருப்பாள். மொழிப் பள்ளியில் வராத நொஷ்க், அதாவது நோர்வே மொழி, எனக்கு அந்த மேசையில் வந்தது. இன்றைக்கு இந்தத் தென்கரைப் பேச்சை நான் பேசினால், தொலைபேசியில் இருப்பவர்கள் என்னை இந்த ஊர்க்காரி என்றே நினைக்கிறார்கள்.

முழங்கால் பற்றிய பயம் நியாயமான பயம். நோர்வே தேசிய அணியின் நோரா மொர்க் பல முறை முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு மருந்து கண்டதும் இந்த நாடுதான். ஒஸ்லோவின் விளையாட்டுக் காய ஆய்வு மையம் 2005இல் வெளியிட்ட ஆய்வில், முறையான சூடேற்றப் பயிற்சி செய்த இளம் ஆட்டக்காரர்களிடம் முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. குதித்து இறங்கும்போது முழங்காலை எப்படி வைப்பது, ஒற்றைக்காலில் எப்படி நிலைப்பது என்பவைதான் அந்தப் பயிற்சி. ஆகவே பயிற்றுநரிடம் முதல் நாளே கேளுங்கள், சூடேற்றப் பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா என்று. பத்து வயதில் வெற்றி தோல்விப் பட்டியலும் போட மாட்டார்கள், பயப்படாதீர்கள். யாழ்ப்பாணத்தில் நாம் பள்ளியில் ஆடிய வலைப்பந்தில் எதிராளியைத் தொட்டாலே ஊதுவார்கள், பந்தோடு நகரவும் விடமாட்டார்கள். இங்கே பந்தோடு மூன்று அடி வைக்கலாம், உடம்போடு உடம்பு மோதியே தடுப்பார்கள். முதல் மாதம் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். பெண்பிள்ளை இடித்துத் தள்ளிவிட்டு எழுந்து ஓடுவதைப் பார்த்துப் பழகுங்கள்.

எனக்கு இதையெல்லாம் சொல்ல அன்றைக்கு ஒருவரும் இல்லை. நான் நோர்வேயில் முதலில் இறங்கியது வட கோடியில், ஃபின்மார்க்கில், ஒரு மீன் தொழிற்சாலையில். அடியிலிருந்து விளக்கு எரியும் வெள்ளை மேசையில் கொட் மீன் துண்டுகளை விரித்து, ஊடுருவித் தெரியும் புழுக்களைக் கத்தி நுனியால் எடுப்பது என் வேலை. கையுறைக்குள் விரல் மரத்துப்போகும். நவம்பர் முடிவில் மறையும் சூரியன் ஜனவரி வரை வராது. சாப்பாட்டு அறையில் நாங்கள் தமிழ்ப் பெண்கள் ஒரு மேசை, நொஷ்கப் பெண்கள் இன்னொரு மேசை. டிசம்பரில் மட்டும் அந்த மேசை கொதிக்கும். பெண்கள் ஹாண்ட்போலின் ஐரோப்பியக் கிண்ணமும் உலகக் கிண்ணமும் வருவது அந்த இருட்டு மாதத்தில்தான். 1999 டிசம்பரில் லில்லஹாமரில் உலகக் கிண்ண இறுதி நடந்தது. இரண்டு மேலதிக நேரம் ஆடி நோர்வே பிரான்ஸை 25-24 என்று வென்றது. மறுநாள் வேலைத்தளத்தில் மீன் வெட்டும் ஒரு பாட்டி என் தோளைப் பிடித்து, நீ பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். கடைசிக் கோலை யார் எப்படிப் போட்டார் என்று இருவரும் கையால் காட்டிப் பேசினோம். அன்றைக்கு அந்த மேசையில் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார்கள்.

அந்தத் தொழிற்சாலை ஊர்களிலிருந்து நம்மவர்கள் ஒவ்வொருவராக ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள், நாங்கள் இங்கே வந்தோம். நல்ல வீடு, நல்ல கார், பிள்ளைகள் டொக்டர், எஞ்சினியர், எல்லாம் பெருமைதான். ஆனால் பதின்மூன்று வயதில் படிப்பு கெடும் என்று மகளைக் கழகத்திலிருந்து நிறுத்துகிறார்களே, அதை என்னால் பொறுக்க முடிவதில்லை. கோடையில் ஸ்வீடனின் கொத்தன்பர்க்கில் பார்ட்டில கப் என்று பிள்ளைகளுக்கான பெரிய போட்டி நடக்கும். பள்ளி வகுப்பறைகளில் காற்று மெத்தை போட்டு அணியோடு படுப்பார்கள். வெளியில் இரவு தங்கக் கூடாது என்று நம் பிள்ளையை மட்டும் மறித்தால், திரும்பி வந்த மற்றப் பிள்ளைகள் பேசும் பேச்சில் அவளுக்கு இடம் இருக்காது. கூடப் போக வேண்டுமா, பெற்றோராகப் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள், சமையலுக்கு ஆள் தேடுவார்கள். தமிழ்ப் பள்ளியும் ஆட்டமும் ஒரே சனிக்கிழமை வரும். இரண்டு இடத்துக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வழி விடுவார்கள்.

ஓகஸ்டில் பள்ளி தொடங்கியதும் பயிற்சி தொடங்கும். மகளின் வகுப்பாசிரியரிடம் எந்தக் கழகம், எந்த மண்டபம் என்று கேளுங்கள். முதல் நாளுக்கு உள்ளரங்கச் சப்பாத்தும் தண்ணீர்ப் போத்தலும் போதும், பந்து அவர்கள் தருவார்கள். விலை உயர்ந்த சப்பாத்து வாங்காதீர்கள், கால் வளர்ந்துவிடும். கட்டணம் சுமையாக இருந்தால் கழகத்திடமோ நகராட்சியிடமோ உதவி கேட்கலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை. கை வளர வளரப் பந்து பிடிக்கப் பிசின் பூசுவார்கள், பல மண்டபங்களில் அதற்குத் தடை, ஆனாலும் எப்படியோ வீட்டுக்கு வந்துவிடும். சமையல் எண்ணெய் தடவித் துடைத்தால் கையிலிருந்து போய்விடும். உடுப்பில் பட்டால் தனியாகத் துவையுங்கள்.

அன்புடன்,
அக்கா